மெக்சிகோவுக்குப் புறப்படும் மகனுக்கு

கல்லடி, மட்டக்களப்பு
2026 மே 2

அன்புள்ள மகனுக்கு,

ஜூன் 11ஆம் திகதி அஸ்டெக்கா மைதானத்தில் நடக்கவிருக்கும் உலகக் கிண்ணத்தின் முதற் போட்டிக்கு நுழைவுச்சீட்டுக் கிடைத்துவிட்டதென்று நீ சொன்ன நாளிலிருந்து, வெபர் மைதானத்தில் என் தோளில் ஏறியிருந்து உதைபந்தாட்டம் பார்த்த சிறுவன்தான் என் கண்ணுக்குள் நிற்கிறான். போய் ஆசை தீரப் பார்த்து வா. ஆனால் முப்பது ஆண்டுகள் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இந்த மாவட்டத்தின் கிணறுகளையும் சாப்பாட்டுக் கடைகளையும் பார்த்துத் திரிந்த எனக்கு, சிலவற்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எனக்கு மிகுந்த கவலை தருவது சின்னமுத்து, அதாவது தட்டம்மை. அதை ஒழித்த நாடு என்ற தகுதியைக் கனடா 2025 நவம்பரில் இழந்தது. மெக்சிகோவிலும் அதே ஆண்டில் ஆயிரக்கணக்கானோருக்கு அது வந்தது. நோயாளி எழுந்து போன பின்பும் அந்த அறையின் காற்றில் இரண்டு மணித்தியாலம் வரை கிருமி நிற்கும் என்பதாலும், மேலில் பரு தெரிவதற்கு நான்கு நாட்கள் முன்பிருந்தே அது தொற்றும் என்பதாலும், யாரிடமிருந்து வந்ததென்று நீ அறியவே மாட்டாய். உன் பழைய கிளினிக் அட்டையைத் தேடி எடுத்துப் பார்த்தேன். ஒன்பதாம் மாதத்தில் போட்ட ஓர் ஊசி மட்டுமே அதில் பதிவாகியிருக்கிறது. இரண்டு வேண்டும். முன்பு போட்டிருந்தாலும் இன்னொரு முறை போடுவதால் கெடுதியில்லை; ஆகவே இந்த வாரமே சின்னமுத்துத் தடுப்பூசியான எம்.எம்.ஆர். போட்டுக்கொள். இங்கே ஒன்பது மாதத்தில் போடும் அந்த ஊசியை நீ வாழும் நாட்டில் பன்னிரண்டு மாதத்தில்தானே தொடங்குகிறார்கள். எட்டு மாதப் பேத்தியிடம் நீ நோயைக் கொண்டுவந்து சேர்த்துவிடக் கூடாது என்பதே என் பயம்.

அதே தடவையில் செங்கமாரிக்கும் (ஹெபடைடிஸ் ஏ) நெருப்புக் காய்ச்சலுக்கும் (டைபொயிட்) உரிய ஊசிகளைப் பற்றியும் மருத்துவரிடம் கேள். இவை இரண்டும் தண்ணீரிலும் உணவிலும் வருபவை. வெள்ளம் வடிந்த பிறகு வீடுவீடாகப் போய்க் கிணறுகளுக்குக் குளோரின் போட்ட நாட்களில், தெளிந்த தண்ணீரை நம்பிக் குடித்துப் படுத்தவர்களை எத்தனையோ பேர் கண்டிருக்கிறேன். அங்கே மூடி உடைக்காத போத்தல் தண்ணீரையே குடி, பல் துலக்கவும் அதையே எடு, ஐஸ் போட்ட பானத்தை விட்டுவிடு. தெருக்கடையில் சாப்பிடாதே என்று சொல்லமாட்டேன். கண்முன்னே சுட்டுச் சூடாகத் தருவதைச் சாப்பிடு. வயிற்றோட்டம் கண்டால் ஜீவனி என்ற உப்புச் சர்க்கரைத் தூளைத் தண்ணீரில் கரைத்துக் குடி. இரத்தம் போனாலோ காய்ச்சல் சேர்ந்தாலோ மருத்துவரிடம் போக ஒரு நாளும் தாமதிக்காதே.

இன்னொன்றையும் நீ நினைத்திருக்கமாட்டாய். மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீற்றர் உயரத்தில், நம் நுவரெலியாவையும் விட மேலே இருக்கிறது. முதல் இரண்டு நாட்களுக்குத் தலையிடியும் மூச்சிரைப்பும் வரக்கூடும் என்பதால், போட்டிக்கு முதல்நாள் இரவு போய் இறங்காமல் இரண்டு நாள் முந்திப் போ, மதுவைத் தொடாதே, மெதுவாக நட. கரையோர ஊர்களுக்கும் போவதாயிருந்தால் பகலிலும் நுளம்பு மருந்து பூசிக்கொள். டெங்கு அங்கும் உண்டு.

உன் இழுப்பு மருந்தைக் கைப்பையிலேயே, மருத்துவர் எழுதிய துண்டோடு வை. திரும்பி வந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் பிள்ளையைத் தூக்காமல், முதலில் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போ.

ஊசி போட்டதும் அட்டையைப் படமெடுத்து அனுப்பு. அம்மாவும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா