நீட்சிகளுக்கு முன் முகவரிப் பட்டை

ஆசிரியருக்கு வணக்கம்.

இணைய உலாவியை வேகமாக்கப் பல நீட்சிகளை (உலாவியில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்களை) நிறுவச் சொன்ன உங்கள் கட்டுரையைப் படித்தேன். மொழிபெயர்ப்பு என் தொழில். எந்நேரமும் முப்பது நாற்பது தாவல்கள் (டேப்கள்) திறந்தே கிடக்கும். தள முகவரியைத் தட்டும் முகவரிப் பட்டையைக் கட்டுரை தொடவே இல்லையே என்பதுதான் என் குறை.

ஃபயர்பாக்ஸ் உலாவியில் அங்கே சதவீதக் குறி, ஓர் இடைவெளி, பிறகு ஒரு சொல் என்று தட்டினால் திறந்திருக்கும் தாவல்களில் மட்டும் தேடும். நட்சத்திரக் குறி போட்டால், நாம் சேமித்து வைத்த பக்கங்களான புத்தகக்குறிகளில். குரோமிலும் இதற்கு வழி உண்டு. அதைவிடப் பெரிய வசதி தேடல் சுருக்கம். நான் அடிக்கடி போகும் அகராதித் தளத்துக்கு ஓர் எழுத்தைச் சுருக்கமாக வைத்திருக்கிறேன். அந்த எழுத்தையும் வேண்டிய சொல்லையும் தட்டினால் நேரே பொருள் வந்து நிற்கும்; முகப்புப் பக்கத்தின் விளம்பரங்களைத் தாண்டிப் போகும் வேலை மிச்சம்.

நீட்சியே கூடாது என்பதில்லை, விளம்பரத் தடுப்பான் ஒன்றை நானும் வைத்திருக்கிறேன். ஆனால் பல நீட்சிகள் எல்லாத் தளங்களின் தரவையும் படிக்க, மாற்ற அனுமதி கேட்கின்றன. வங்கிப் பக்கமும் அதில் அடக்கம். கட்டுரையாளர் அதை ஒரு வரியிலாவது சொல்லியிருக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி