500 செட் உன்னிடமே இருக்கட்டும்

திருச்சி,
ஐப்பசி, அடைமழை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு பிடிமானம் இல்லாமல் மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் மனசு லேசானது. வீட்டில் உன் தங்கச்சிக்கும் படித்துக் காட்டினேன். அவள் கண் கலங்கிவிட்டாள்.

பதில் தாமதமானதற்கு நம் பழைய 350 புல்லட் வண்டிதான் காரணம். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்த கையோடு மறுநாளே எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிவிட்டேன். மழையில் வெளியே போக முடியாத நாட்கள், திண்ணையில் சாக்கு விரித்து வேலை. நீ கண்டுபிடித்து வைத்திருக்கும் 500 சிசி புல்லட்டின் பேரல் (பிஸ்டன் ஓடும் உருளை), பிஸ்டன் செட்டைப் பற்றி எழுதியிருந்தாய். "அனுப்பட்டுமா, ஒரேயடியாக ஏத்திடலாமே" என்று கேட்டிருந்தாய். நாலு நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். என் முடிவையும் அதற்கான காரணத்தையும் உனக்குச் சொல்லியாக வேண்டும்.

முதலில் உள்ளே பார்த்ததைச் சொல்கிறேன். எக்ஸாஸ்ட் போர்ட்டில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றிக் காத்திருந்தேன். அரை நிமிடத்தில் வால்வு ஓரமாகக் கண்ணீர் போலக் கசிந்து, ஒரு சொட்டு கீழே விழுந்தது. வால்வின் விளிம்பில் ஒரு இடம் வெளுத்து, அரித்துப்போயிருந்தது. மலையேறும்போது வண்டி மூச்சு வாங்கியதன் பாதிக் காரணம் அங்கேயே தெரிந்துவிட்டது. மீதிப் பாதி பேரலில் இருந்தது. பிஸ்டன் ரிங் போய்த் திரும்பும் மேல் எல்லையில் நகத்தை வைத்து இழுத்தால் தட்டுகிறது. லேத் பட்டறையில் அளந்ததில், மேலே கீழ்ப்பக்கத்தைவிட 0.12 மில்லிமீட்டர் அதிகத் தேய்மானம். பிளக் சாம்பல் பூத்துக் கறுத்திருந்தது, அதற்கும் புகைக்கும் இந்தத் தேய்மானம்தான் காரணம்.

பேரலைத் தூக்கியதும் பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் இழுத்துப் பார்த்தேன். துளியும் ஆட்டம் இல்லை. பக்கவாட்டில் அசைகிறது, அது இருக்க வேண்டியதுதான். வால்வை அழுத்தும் ராக்கருக்குப் போகும் எண்ணெய்க் குழாயின் நட்டை, ஹெட்டைக் கழற்றுவதற்கு முன்பே தளர்த்திப் பார்த்திருந்தேன், எண்ணெய் ஒழுங்காக வந்தது. அதனால் கீழ்ப்பாதியைப் பிரிப்பதில்லை என்று அன்று சாயங்காலமே தீர்மானித்துவிட்டேன்.

உன் 500 செட் வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான். நம் வண்டி 70 மில்லிமீட்டர் போர் (பேரலின் உள்விட்டம்), 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 346 சிசி. 500-க்கும் ஸ்ட்ரோக் அதே 90தான், போர் மட்டும் 84. காகிதத்தில் பார்த்தால் பேரலை மாற்றினால் போதும் என்று தோன்றும். ஆனால் அந்தப் பேரல் உட்கார, எஞ்சினின் கீழ்க்கூடான கிராங்க்கேஸின் வாயைக் கடைந்து அகலப்படுத்த வேண்டும். ஒருமுறை கடைந்துவிட்டால் பழையது திரும்ப வராது. பிஸ்டன் கனம் கூடுகிறது, அதற்கேற்ப கிராங்க்கின் சமநிலையையும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் கைப்பிடி வழியாக அதிர்வு தோள்வரை ஏறும். இதற்கெல்லாம் மேலே, நம் காலத்து வண்டியில் கனெக்டிங் ராடின் கீழ்முனையான பிக் எண்டில் ரோலர் கிடையாது, மிதக்கும் புஷ் என்ற உலோக வளையம்தான். எண்ணெய்ப் படலத்தை நம்பி ஓடுகிற பொருள் அது. 18 குதிரைச் சக்திக்கு இத்தனை வருஷம் ஆடாமல் நின்ற புஷ், 500-இன் அடியை எத்தனை மலைக்குத் தாங்கும்? அதையும் மாற்று, கிளட்ச்சையும் பார், டிரம் பிரேக் போதாது என்று போய்க்கொண்டே இருக்கும். ஆர்.சி. புக்கில் வேறு 346 என்று இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவில் உள்ள விவரம் தயாரிப்பாளர் முதலில் குறித்ததற்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. நாளைக்கு ஒரு விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர்களிடம் என்ன சொல்வது?

சரி, அப்படியானால் எவ்வளவு தூரம்? பேரலைக் கடைந்து ஏற்கெனவே 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது 0.75. லேத்தில் 1.00-க்கே போய்விடலாம் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தேய்மானம் 0.75-இலேயே சுத்தமாகிவிடுகிறது என்றால் அந்தக் கடைசி கால் மில்லிமீட்டரை ஏன் இப்போதே செலவழிக்க வேண்டும்? அது என் பையனுக்கு இருக்கட்டும். அதற்கப்புறம்தான் பேரலுக்குள் புது உருளை இறக்கும் ஸ்லீவ் என்ற பேச்சு.

பிஸ்டனுக்கும் பேரலுக்கும் நாலு தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் நாலு பங்கு) இடைவெளி விடச் சொல்லி, பக்கத்திலேயே நின்று அளந்து பார்த்து வாங்கி வந்தேன். 2009 உனக்கு மறந்திருக்காது. அப்போது போர் போட்ட பட்டறையில் இடைவெளியை இறுக்கமாக விட்டுவிட்டார்கள், நானும் அளந்து பார்க்கவில்லை. பெரம்பலூர் தாண்டி மத்தியான வெயிலில் பிஸ்டன் சூட்டில் விரிந்து பேரலைப் பிடித்துக்கொள்ள, பின்சக்கரம் கிறீச்சென்று கட்டிக்கொண்டதும் என் தோளில் உன் கை இறுகியதே, அந்த அழுத்தம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. கிளட்ச்சைப் பிடிக்க ஒரு நொடி பிந்தியிருந்தால் பின்னால் வந்த லாரி என்ன செய்திருக்கும் என்று பல ராத்திரி யோசித்திருக்கிறேன். அதனால் இந்த முறை ரிங் இடைவெளியையும் நானே பார்த்தேன். ரிங்கைப் பேரலுக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, ஃபீலர் கேஜை நுழைத்தால் 0.30 லேசான உரசலோடு போகிறது. மூன்று ரிங்கையும் தனித்தனியாக.

ஹெட்டில் புது எக்ஸாஸ்ட் வால்வு, கைடு, சீட் கட்டிங். வால்வையும் சீட்டையும் பேஸ்ட் தடவித் தேய்த்துப் பொருத்தும் லேப்பிங் மட்டும் வீட்டில். உள்ளங்கைகளுக்கு நடுவே குச்சியை உருட்ட உருட்ட, முதலில் கரகரவென்று கேட்கும் பேஸ்ட் மெல்ல மெல்ல சத்தம் அடங்கி வழவழவென்று ஆகும். துடைத்துப் பார்த்தால் சீட்டைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரே அகலமாக ஒரு வளையம். அதைப் பார்த்தபோது ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு முழு சந்தோஷம் வந்தது மாப்ளே.

காற்று உள்ளே நுழையும் போர்ட்டைப் பெரிதாக்கவில்லை. மேனிஃபோல்டு சேரும் இடத்தில் படி போல இருந்ததை மட்டும் அரத்தால் சமன் செய்தேன். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, பின்னால் நீ, இரண்டு பை. நமக்கு வேண்டியது தாழ்ந்த சுற்றில் வருகிற இழுவை. வாயைப் பெரிதாக்கினால் அங்கே காற்றின் வேகம் குறைந்து அந்த இழுவைதான் முதலில் போகும். நீ சொன்ன 17 பல் ஸ்பிராக்கெட்டும் (செயினை இழுக்கும் பல்சக்கரம்) அதே காரணத்தால் வேண்டாம். திண்டுக்கல் சாலையில் சுகமாக இருக்கும்தான், ஆனால் ஒன்பதாவது வளைவில் முதல் கியரிலேயே திணறும். 16 இருக்கட்டும்.

எலக்ட்ரானிக் இக்னிஷன் விஷயத்தில் உன் பேச்சில் நியாயம் இருக்கிறது. டைமிங் நகராது, ஸ்டார்ட்டிங்கும் நன்றாக இருக்கும். இருந்தாலும் தீப்பொறியைத் தூண்டும் பழைய பாயிண்டையே வைத்துக்கொள்கிறேன். அட்டகட்டிக்கு மேலே மழையில் நின்றுவிட்டால் பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்து, பையிலிருக்கும் கண்டென்சரை மாற்றிக் கிளம்பிவிடலாம். எலக்ட்ரானிக் மாட்யூல் போனால் பொள்ளாச்சிக்குத்தான் இறங்க வேண்டும்.

பேரல் வியாழக்கிழமை ஏறிவிடும். புது பிஸ்டன் பழகும்வரை, முதல் 500 கிலோமீட்டர் 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டமாட்டேன். தினமும் காலையில் கல்லணை வரை போய் வந்தால் மார்கழிக்குள் முடிந்துவிடும். எண்ணெய் இரண்டு முறை மாற்றிவிட்டு, பொங்கல் கழிந்த அடுத்த திங்கள் விடியற்காலை கிளம்பலாம். பழனியில் சாப்பாடு, உடுமலை வழியாகப் பொள்ளாச்சி, இருட்டுவதற்குள் மேலே. டாக்டரிடம் இவ்வளவு நேரம் முட்டியை மடக்கி உட்காரலாமா என்று கேட்டு எழுது. அவர் சொல்கிற இடைவெளியில் நிறுத்தி நிறுத்திப் போவோம், அவசரமே இல்லை. கிக்கர் பக்கம் மட்டும் நீ வரவே கூடாது. ஆம்மீட்டர் முள்ளைப் பார்த்து மிதிக்க நான் இருக்கிறேன்.

அந்த 500 செட்டை விற்றுவிடாதே. உள்ளே எண்ணெய் தடவி, எண்ணெய்த் துணி அடைத்து, பாலிதீனில் சுற்றி ஈரம் படாத இடத்தில் வை. என்றைக்காவது ஒரு நல்ல 500 கிராங்க்கேஸ் பதிவுத் தாளோடு கிடைத்தால், அதை முழு எஞ்சினாக இரண்டு பேரும் சேர்ந்து கட்டலாம்.

உன்,
மாமா