தும்பாவில் நீ கேட்டது

சேசு மரி சூசை துணை

மக்களே,

குளிர் குறைந்ததா? தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடு. அம்மாவுக்கு முட்டுவலி பரவாயில்லை. மற்றதெல்லாம் போனில் சொல்லியாயிற்று.

போனில் வராதது ஒன்று உண்டு. கிறிஸ்துமஸ் ராத்திரிப் பூசையில் நற்கருணை அப்பம் வாங்க நம் பெஞ்சு முழுக்க எழுந்தது. நீ மட்டும் காலை ஒதுக்கி வழிவிட்டாய். பெரியம்மா உன் முழங்காலைத் தாண்டிப் போனாள். உனக்கு உடம்பு சரியில்லையோ என்று அம்மா வீட்டில் கேட்டாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. மாத்திரையை விட்டுவிடாதே.

பெல்ஜியத்தில் நீ இருக்கிற லூவனில்தான் லெமேத்ர் பாடம் நடத்தினார். பூசை வைக்கிற குரு அவர். பிரபஞ்சம் விரிகிறதென்று 1927-லேயே கணக்குப் போட்டு எழுதியவர். 31 வருஷம் ப்ளஸ் டூவுக்கு இயற்பியல் எடுத்தேன், அவர் பெயரைச் சொல்லாத வருஷமே இல்லை. என் மகள் இன்று அந்த ஊரில் ஆராய்ச்சி செய்கிறாள்! அவரால் முடிந்தது உனக்கு ஏன் முடியவில்லை என்று எழுதி, அடித்துவிட்டேன். 1951-ல் பாப்பரசரே அந்தக் கோட்பாட்டைப் படைப்புக்குச் சாட்சியாகப் பேசியபோது லெமேத்ருக்கு அது பிடிக்கவில்லை. விசுவாசம் வேறு, கணக்கு வேறு என்றிருந்தவர். இந்தப் பாதியை நான் வகுப்பில் சொன்னதே இல்லை.

நாலாவது படிக்கும்போது உன்னைத் திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவுக்குக் கூட்டிப்போனேனே, ஞாபகம் இருக்கிறதா? கடற்கரைச் சனம் மதலேன் மரியாள் கோயிலையே விட்டுக்கொடுத்தார்கள், 1963-ல் அங்கிருந்துதான் முதல் ராக்கெட் போனது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ சுற்றிப் பார்த்துவிட்டு, "இங்க ராக்கெட் வச்சாச்சே, அப்ப சேசு எங்கப்பா போனாரு?" என்றாய். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். "கோயிலுக்குள்ள பேசாதே" என்று உன் காதைத் திருகினேன். பதில் தெரியாமல்தான் திருகினேன். களியக்காவிளை வரும்வரை காதைப் பொத்தியபடி சன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாய். அதன்பிறகு சாமியைப் பற்றி என்னிடம் நீ ஒன்றும் கேட்டதில்லை. பிள்ளைக்குப் பக்தி வந்துவிட்டதென்று நினைத்துக்கொண்டேன். ஒரு வாத்தியார் செய்கிற காரியமா அது?

ஈஸ்டருக்கு லீவு கிடைக்குமா? பூசைக்கு வா என்று சொல்ல இதை எழுதவில்லை. வந்தால் சந்தோஷம்தான், மறைக்கவில்லை. அன்றைக்குக் கேட்டதை மறுபடி கேள், மக்களே. எனக்கு இன்னும் தெரியாது. உனக்கு என்ன தோன்றுகிறதென்று சொல், கேட்டுக்கொள்கிறேன்.

மாத்திரை தீர்வதற்கு முன்னாலேயே வாங்கி வை.

அப்பா