செயலாளர் ஆண்டறிக்கை: பழைய ஸ்பீக்கர்களில் பேஸை மீட்டெடுத்தது

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பக்கமிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நான் சொல்ல வேண்டியது இந்த ஆண்டு நாம் முக்கியமாகச் செய்த ஒரு வேலையைப் பற்றி: பழைய ஸ்பீக்கர்களில் பேஸை, அதாவது கனத்த கீழ் ஒலியை, மீட்டெடுத்தது.

நம் பகுதியில் பல வீடுகளில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வளைகுடாவிலிருந்து வந்த ஸ்டீரியோ செட்டுகள் இன்னும் இருக்கின்றன. “பாட்டு கேட்குது, ஆனா மிருதங்கத்துல தொப்பி விழவே மாட்டேங்குது” என்பதுதான் எல்லோரும் சொன்ன குறை. தொப்பி என்றால் மிருதங்கத்தின் இடப்பக்கக் கனத்த ஒலி. ஒரு கடையில் எடைக்குப் போடச் சொல்லிவிட்டார்கள் என்று ஒரு உறுப்பினர் வருத்தத்தோடு வந்தார். அவர் ஸ்பீக்கர் இப்போது நன்றாகப் பாடுகிறது. தயவுசெய்து யாரும் அவசரப்பட்டுப் பழைய பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்.

முதலில் காசு செலவில்லாத வேலைகளைப் பார்த்தோம். இரண்டு ஸ்பீக்கரில் ஒன்றுக்கு மட்டும் பிளஸ் மைனஸ் வயர் மாறியிருந்தால், ஒரு கோன் (ஸ்பீக்கரில் ஆடும் கூம்பு) முன்னே வரும்போது மற்றது பின்னே போகும். பேஸ் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். ஆம்பிலிருந்து (ஆம்ப்ளிஃபயர்) வயரைக் கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸை ஸ்பீக்கரின் பிளஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பொதுவாக வூஃபர், அதாவது பேஸ் தரும் பெரிய கோன், முன்னால் தள்ள வேண்டும். எப்படி நகர்ந்தாலும் இரண்டு பெட்டியும் ஒரே திசையில் நகர்வதுதான் முக்கியம். வயரைச் சரியாக மாற்றிப் போட்டதுமே சில வீடுகளில் குறை தீர்ந்துவிட்டது.

அடுத்தது இடம். ஷோகேஸ் உச்சியில் ஏற்றி வைத்த ஸ்பீக்கரை இறக்கி, சுவரை ஒட்டி வைத்தாலே பேஸ் கூடும். மூலைக்குத் தள்ளினால் இன்னும் கூடும், ஆனால் குமுறும்; ஓர் அடி அப்படி இப்படி நகர்த்திப் பார்க்க வேண்டும். உட்காரும் இடமும் கணக்கில் உண்டு. 12 அடி நீள அறையில் 47 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலி இரு சுவரோரமும் பலமாகவும் நட்ட நடுவில் பலவீனமாகவும் இருக்கும். நடு அறையில் நாற்காலி போட்டுவிட்டு ஸ்பீக்கரைக் குறை சொன்னால் எப்படி?

பேஸ் குமிழை முழுக்கத் திருகுவதை நான் கண்டிப்பாக எதிர்க்கிறேன். 6 டெசிபல் கூட்டினால் ஆம்ப் நான்கு மடங்கு பவர் தர வேண்டும். அதே சத்தத்தை ஒரு ஆக்டேவ் கீழே, அதாவது பாதி அதிர்வெண்ணில், கேட்க, கோனும் நான்கு மடங்கு தூரம் ஆட வேண்டும். பழைய வூஃபர் அதைத் தாங்காது.

உண்மையான நோய் பெரும்பாலும் கோனைச் சுற்றியுள்ள ஃபோம் வளையத்தில் இருக்கிறது. 15, 20 வருடத்தில், நம் ஊர் மழை ஈரத்திலும் வெயிலிலும், விரல் பட்டாலே மாவாக உதிரும். இதை மாற்றும் பயிற்சியை இரண்டு ஞாயிறுகளில் நடத்தினோம். பழைய பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஊற வைத்து, காகிதக் கோன் கிழியாமல் பொறுமையாகச் சுரண்ட வேண்டும். புது வளையத்தை முதலில் கோனில் ஒட்டிக் காயவிட வேண்டும். அப்புறம் இரும்புச் சட்டத்தில் ஒட்டும்போது, பசை ஈரமாக இருக்கையிலேயே 30 ஹெர்ட்ஸ் ஒலியை மிக மெல்லக் கொடுத்து, வாய்ஸ் காயில் (கோனை ஆட்டும் கம்பிச் சுருள்) எங்கும் உரசாமல் ஆடுகிறதா என்று காதை வைத்துக் கேட்க வேண்டும். உரசினால் விரல் நுனியால் நகர்த்தி நடுவாக்கலாம். காய்ந்துவிட்டால் நகர்த்த முடியாது. ரப்பர் போட்டால் நாள் வருமே என்று சிலர் கேட்டார்கள். ஃபோமுக்கென்று செய்த கோனில் கனமான ரப்பர் ஏறினால் அதன் இயல்பான அதிர்வே மாறிவிடும். எந்த அளவு இருந்ததோ அதே ஃபோமே நல்லது.

பெட்டியும் கசியக்கூடாது. 1954இல் எட்கர் வில்சூர் ஏ.ஆர்-1 என்ற ஸ்பீக்கரில் மூடிய சிறு பெட்டியின் காற்றையே ஸ்பிரிங்காக்கிக் காட்டினார். அந்த வகைப் பெட்டியில் வயர் துளையின் ஒரு சிறு சந்து போதும், பேஸ் ஓடிவிடும். கோனை இரு கை விரல்களால் மெல்ல உள்ளே அழுத்தி விடுங்கள். நிதானமாகத் திரும்பினால் கசிவில்லை. காற்று போய்வரக் குழாய் வைத்த பெட்டிக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அதில் குழாயை டார்ச் அடித்துப் பாருங்கள். வேலந்தாவளத்தில் ஒரு வீட்டில் குளவி மண்கூடு கட்டிக் குழாயையே அடைத்திருந்தது.

மேல் ஒலியையும் கீழ் ஒலியையும் பிரிக்கும் கிராஸ்ஓவர் சர்க்யூட்டின் கபாசிட்டர்களை மாற்றச் சிலர் ஆர்வம் காட்டினார்கள். காய்ந்துபோன எலக்ட்ரோலிடிக் கபாசிட்டரை அதே மைக்ரோஃபாரட் அளவுள்ள, பிளஸ் மைனஸ் முனை இல்லாத வகையால் மாற்றலாம். அது பெரும்பாலும் மேல் ஒலிக்குத்தான் உதவும். இத்தனையும் செய்து போதாதவர்கள் பேஸுக்கென்றே உள்ள சப்வூஃபர் ஒன்றைச் சேர்த்து, சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை அதற்குப் பிரித்துக் கொடுக்கலாம்.

வரும் ஆண்டில் 6, 8, 10 அங்குல ஃபோம் வளையங்களையும் பசையையும் கோயம்புத்தூரிலிருந்து மொத்தமாக வாங்கிச் சங்கத்தில் வைக்க அனுமதி கேட்கிறேன். வளையம் கேட்கும் உறுப்பினர்கள் கோனின் விட்டத்தையும் சட்டத்தின் உள்விட்டத்தையும் மில்லிமீட்டரில் அளந்து வர வேண்டும். பெட்டியின் பின்னால் எழுதிய அங்குலத்தை நம்ப முடியாது. ஞாயிறுகளில் கை கொடுத்த இளைஞர்களுக்கு மனமார்ந்த நன்றி. இவ்வறிக்கையை ஏற்றுத் தருமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்