பேச்சில்லாத டிசம்பர்

அன்புத் தோழிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அத்தையின் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று மறக்காமல் எழுது. "டிசம்பர் வந்தாலே ஜெபிக்க முடியவில்லை, எனக்கு விசுவாசம் இருக்கிறதா என்றே தெரியவில்லை" என்று எழுதியிருந்தாயே, அந்த வரி மனசை விட்டுப் போகவே இல்லை.

முதலில் இங்கே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கேரல் (கிறிஸ்துமஸ் பாட்டு) பயிற்சி சூடுபிடித்த நேரத்தில் என் குரல் சுத்தமாகப் போய்விட்டது. குரல்நாண் வீங்கியிருக்கிறதாம். பாடக் கூடாது, பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சின்ன நோட்டும் பேனாவுமாக நடமாடுகிறேன். நம்ம கீபோர்டு அண்ணன் என்னிடம் சைகையிலேயே பேசுகிறார். 'காது நன்றாகக் கேட்கிறது' என்று எழுதிக் காட்டினேன். அதற்கும் தலையாட்டிவிட்டுச் சைகையைத் தொடர்ந்தார்! நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

அன்று ராத்திரி பைபிளில் லூக்கா முதல் அதிகாரத்தை எடுத்தேன். யோவான் ஸ்நானகனின் அப்பா சகரியாவுக்கும் இதே கதைதான். பிள்ளை பிறப்பான் என்று தேவதூதன் சொன்னதை நம்பாததால் பேச்சை இழந்தவன். பிள்ளைக்கு என்ன பேர் வைக்கலாம் என்று அவனிடம் சைகையால்தான் கேட்கிறார்கள். அவன் எழுத்துப் பலகையை வாங்கி, "இவன் பேர் யோவான்" என்று எழுதுகிறான். நாம் கிறிஸ்துமஸ் கதையை இரண்டாம் அதிகாரத்திலிருந்து படித்தே பழகிவிட்டோம். லூக்கா அதைத் தொடங்குவது பேச்சை இழந்த ஒரு ஆசாரியனிடமிருந்து. அதுவும் எப்போது? தேவாலயத்தில் தூபங்காட்டும் வேளையில், வெளியே ஜனங்கள் கூட்டமாக ஜெபம் செய்துகொண்டிருக்கும்போது. ஊழியத்தின் உச்சத்தில் அவன் வாய் அடைபடுகிறது. யோவான் பிறந்து எட்டாம் நாள்வரை ஒரு வார்த்தை கிடையாது. அதைத் தண்டனை என்றுதான் சண்டே ஸ்கூலில் சொல்லித் தந்தார்கள். தண்டனைதான், சரி. ஆனால் நாவு கட்டவிழ்ந்ததும் அவன் வாயில் முதலில் வந்தது தேவனுக்கு ஸ்தோத்திரம். அத்தனை மாத மௌனத்தில் அவனுக்குள் ஏதோ பழுத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

எனக்கும் கொஞ்சம் அப்படித்தான். பயிற்சியில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன். எத்தனையோ வருஷமாக நான் சோப்ரானோவில், அதாவது உச்சக் குரலில், பாடிய பாட்டுதான். அதில் ஆல்டோக்காரர்கள், அதாவது தாழ்ந்த பெண்குரலில் பாடுகிறவர்கள், ஒரே சுரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு நிற்கும் இடம் ஒன்று இருக்கிறது. இப்போதுதான் அது காதில் விழுந்தது. வார்த்தைகளும் அப்படியே. "நமக்காகப் பிறந்தார்" என்ற இடத்தில் கண் கலங்கிவிட்டது. மூச்சு எங்கே எடுப்பது, யார் சுருதி விலகுகிறார்கள் என்ற யோசனை எதுவுமில்லை. வெறுமனே கேட்டேன்.

இதைப் படித்துவிட்டு, "அப்போ நானும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மூலையில் உட்காரணுமா?" என்று நீ மூக்கைச் சுருக்குவாய். தெரியுமடி. இயேசு வீட்டுக்கு வந்தபோது பணிவிடையிலேயே மூழ்கியிருந்த மார்த்தாளை யாராவது குறை சொன்னால் முதல் ஆளாகச் சண்டைக்கு வருகிறவள் நீ! வேலை செய்ததற்காக இயேசு அவளைக் கடியவில்லை. "நீ அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்" என்றுதான் சொன்னார். உன் கஷ்டமும் அந்தக் கலக்கம்தான். "நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்" என்று சுவரில் மாட்டியிருக்கிறாயே, அந்த 46-ஆம் சங்கீதத்தை முதலிலிருந்து படித்துப் பார். மலைகள் நடுசமுத்திரத்தில் சாய்கின்றன, ஜலங்கள் கொந்தளிக்கின்றன, ஜாதிகள் கொந்தளிக்கின்றன. அத்தனைக்கும் நடுவில்தான் தேவன் 'அமர்ந்திரு' என்கிறார். பெத்லகேமிலும் குடிமதிப்பு எழுத வந்த கூட்டம், சத்திரத்தில் இடமில்லை, பிரசவம், போதாததற்கு ராத்திரியில் மந்தை மேய்ப்பர்கள் வேறு. அங்கேதான் மரியாள் அந்தச் சங்கதிகளையெல்லாம் இருதயத்தில் வைத்துச் சிந்தித்தாள்.

நம்மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. ஆகமன காலம் என்பது கிறிஸ்துமஸுக்கு முன்னால் காத்திருப்பதற்கான நாலு ஞாயிறுகள். கிரேக்க, ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபைகளில் இன்றும் 40 நாள் நோன்பிருந்து காத்திருக்கிறார்கள். நாமோ பண்டிகை முழுவதையும் அதற்குள் கொண்டாடித் தீர்த்துவிட்டு, 25-ஆம் தேதி மத்தியானமே களைத்துப் படுத்துவிடுகிறோம். பழைய திருச்சபை வழக்கப்படி பண்டிகை அன்றைக்குத்தான் தொடங்குகிறது, ஜனவரி 6 வரை திறந்திருக்கிறது. அதனால் இப்போது ஜெபிக்க முடியவில்லையே என்று உன்னை நீயே வதைக்காதே. தினம் ராத்திரி லூக்காவில் ஒரு பத்தி போதும், வாய்விட்டுப் படி. வராத ஜெபத்தை வரவழைக்கப் பார்க்காதே. உன் தலையில் இருக்கும் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிப் பொறுப்பில் பாதியை அந்த வாலிபப் பிள்ளைகளிடம் கொடு, நன்றாகவே செய்வார்கள்.

அப்புறம், 26-ஆம் தேதிக்குப் பிறகு ஒரு நாள் புறப்பட்டு வா. அதற்குள் எனக்குக் குரல் வந்துவிடும் என்கிறார்கள். வராவிட்டாலும் வா, நீ பேசு, நான் எழுதுகிறேன்.

என்றும் அன்புடன்,
உன் தோழி