நீ அனுப்பிய உப்பு

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்பின் தம்பிக்கு,

அப்பா நல்ல சுகம். முதலிலேயே அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மிச்சத்தை வாசிக்காமல் ஃபோன் எடுப்பாய். நேற்று இரத்தம் சோதித்ததில் பொட்டாசியம் 4.7. இரண்டு கிழமைக்கு முதல் 5.9 இருந்தது. அன்றைக்கு உனக்குச் சொல்லவில்லை. கோபிக்காதே.

காரணம், லண்டனிலிருந்து நீ அனுப்பிய உப்பு. சோடியம் குறைவு, பிரஷருக்கு நல்லது என்று ஆசையாக அனுப்பினாய். அப்பா முதல் நாளே சொதியை ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னப்பா, கைக்குது" என்றார். வயசு போனால் நாக்கும் போகும் என்று சொல்லி அவர் வாயை அடைத்துவிட்டேன். முப்பது வருடம் உயர்தரத்துக்கு இரசாயனவியல் படிப்பித்தவள், பக்கெட்டைத் திருப்பிப் பார்க்கவில்லை பார். "புதுசாக என்ன சாப்பிடுகிறார்?" என்று டொக்டர் கேட்ட பிறகுதான் வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் போட்டு வாசித்தேன். மூன்றில் இரண்டு பங்கு பொட்டாசியம் குளோரைட்டு. அது கைக்காமல் என்ன செய்யும்?

உன்மேல் பிழை இல்லை. சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிற ஆளுக்கு அது நல்ல உப்புத்தான், கூடினதைச் சிறுநீரில் தள்ளிவிடும். அப்பாவுக்குச் சலரோகம் சிறுநீரகத்தைக் களைக்க வைத்துவிட்டது. பிரஷருக்கு அவர் போடும் லொசார்டன் குளிசையும் பொட்டாசியத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். போதாததுக்குப் பின்னேரங்களில் காலி வீதியில் செவ்விளநீர். அதிலும் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம்.

ஒன்றுதானே கூட, இதற்கு ஏன் இவ்வளவு பதற்றம் என்று நீ கேட்பாய். கலத்துக்கு உள்ளே பொட்டாசியம் லீற்றருக்கு 140 மில்லிமோல் அளவில் இருக்கும், வெளியே இரத்தத்தில் நாலோ நாலரையோதான். சோடியம் நேர்மாறு: வெளியே 140, உள்ளே பத்துப் பன்னிரண்டு. ஆவர்த்தன அட்டவணையில் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கிற அண்ணன் தம்பி, தண்ணீரைக் கண்டால் இரண்டும் ஒரே மாதிரிச் சீறுகிறவை. உடம்புக்குள் மட்டும் ஒன்றை வாசலுக்கு வெளியேயும் மற்றதை உள்ளேயும் வைத்திருக்கிறது. உள்ளே இருக்கிற பொட்டாசியம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசிவதால்தான் கலத்தை மூடியிருக்கிற கலமென்சவ்வில் மின்னழுத்தம் நிற்கிறது. வெளியே நாலு ஆறானால் அந்தக் கசிவு குறையும், மின்னழுத்தமும் குறையும். அதை முதலில் உணர்வது இதயத் தசை. அதுதான் டொக்டர் உடனே ஈசிஜி எடுக்கச் சொன்னார். அதில் பிழை ஒன்றும் இல்லை, கடவுளே என்றிருந்தது.

இந்த உள் வெளி தானாக நிற்பதில்லை. சவ்வில் ஒரு பம்பி இருக்கிறது, கலத்துக்குச் சக்தி கொடுக்கிற ஏடீபீ மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும். எங்கள் தொடர்மாடியில் மோட்டர் பழுதானால் மேல் தொட்டி வற்றும். கலத்தில் மாறி நடக்கும், சோடியம் உள்ளே வர, பின்னாலேயே தண்ணீரும் வந்து கலம் வீங்கிவிடும். கதிரையில் சாய்ந்து பேப்பர் வாசிக்கும் அப்பா செலவழிக்கிற சக்தியில் ஐந்தில் ஒரு பங்காவது இந்தப் பம்பிக்குப் போகிறது. இனி அவரைச் சும்மா இருக்கிறார் என்று நான் ஏச முடியாது!

இதைக் கண்டுபிடித்தவர் டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கூ, 1957இல், நண்டுக் கால் நரம்பில். நாங்கள் கறியில் உறிஞ்சிவிட்டு எறிகிற அதே கால். நோபல் பரிசு வந்தது 1997இல், நாற்பது வருடம் கழித்து.

இப்போது பழையபடி சாதாரண உப்பு, அளவு மட்டும் குறைவு. ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டிக்குள். அதிலே கருவாடும் ஊறுகாயும் அடங்க வேண்டும், அதுதான் அப்பாவுக்குத் துக்கம். குளிசையின் அளவை டொக்டர் குறைத்திருக்கிறார். உருளைக்கிழங்கை நிறையத் தண்ணீரில் அவித்து வடித்துவிட்டுத்தான் கறி வைக்கிறேன், பொட்டாசியம் பாதி தண்ணீரோடு போகட்டும் என்று. செவ்விளநீருக்கு இப்போதைக்குத் தடை. அந்த வண்டிக்காரர் அப்பாவை எங்கே என்று கேட்கிறார்.

பக்கெட்டை வீசப் போனேன். "பிள்ளை அனுப்பினது" என்று அப்பா விடவில்லை, அலுமாரியில் மேல்தட்டில் இருக்கிறது. நேற்றுப் பின்னேரம் எனக்குப் பழைய புத்தி வந்துவிட்டது. ஒரு பழைய ஹீற்றர் கம்பித் துண்டைக் கழுவி, நுனியில் அந்த உப்பைத் தொட்டு காஸ் அடுப்பில் காட்டினேன். பொட்டாசியத்தின் இளம் ஊதாவைப் பார்க்க ஆசை. வந்ததோ நல்ல மஞ்சள். மிச்ச ஒரு பங்கு சோடியம் இருக்கிறதே, அது கொஞ்சம் இருந்தாலும் மற்றதை மூடிவிடும். மஞ்சளை மறைக்கிற நீலக் கண்ணாடிக்குள்ளால் பார்த்தால்தான் ஊதா தெரியும். பள்ளிக்கூடத்தில் ஒன்று இருந்தது, ஓய்வு பெற்ற அன்றைக்கு நல்ல பிள்ளையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

டிசம்பரில் வரும்போது உப்பு வேண்டாம், விற்றமின் ஒன்றும் வேண்டாம். ஒரு சின்னக் கோபால்ட் நீலக் கண்ணாடித் துண்டு கிடைத்தால் கொண்டு வா.

அன்புடன்,
அம்மா