ஒரே பயணமாக விற்ற இரண்டு டிக்கெட்டுகள்: பணத்தைத் திருப்பித் தரக் கோரி

மேலாளர் அவர்களுக்கு,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

வணக்கம்.

உங்கள் தளத்தில் எனக்கும் மனைவிக்கும் அம்மாவுக்கும் பாலிக்கு டிக்கெட் எடுத்தேன். 'சென்னை – சிங்கப்பூர் – டென்பசார், சாங்கியில் காத்திருப்பு 5 மணி 40 நிமிடம்' என்று ஒரே வரியில் காட்டினீர்கள். (டென்பசார் பாலியில் உள்ள ஊர், சாங்கி சிங்கப்பூரின் விமான நிலையம்.) தொகையும் ஒன்றுதான், 1,04,610 ரூபாய். ஓடிபியும் ஒரு தடவைதான் வந்தது. பிஎன்ஆர் மட்டும் இரண்டு, விமான நிறுவனமும் இரண்டு. இப்படி வருவது சகஜம்தானே என்று விட்டுவிட்டேன்.

சென்னை கவுன்ட்டரில் மூன்று பெட்டிகளையும் எடை போட்ட பிறகு அங்கிருந்த பெண், "பெட்டி சிங்கப்பூர் வரைக்கும்தான் சார் போகும். நீங்க இமிக்ரேஷன் தாண்டி வெளியே வந்து எடுத்து, அடுத்த ஏர்லைன்ல மறுபடி செக்-இன் பண்ணணும். சிங்கப்பூர் விசா இருக்கா?" என்றார். இல்லை. பாலியில் இறங்கி வாங்க வேண்டிய விசாவுக்குத் தலைக்கு 5 லட்சம் ரூபியா எடுத்து வைத்திருந்தோம். நடுவில் இறங்கும் ஊருக்கும் விசா வேண்டும் என்று தெரியாது. பெட்டிகளைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கைப்பையோடு போகிறோம் என்றும் கேட்டுப் பார்த்தேன். அடுத்த விமானத்தின் போர்டிங் பாஸ் இல்லாமல் ஏற்ற முடியாது என்றுவிட்டார்.

எங்களுக்குப் பின்னால் நின்ற பையனும் இதே டிக்கெட்தான். அவர் பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசா இருந்ததால், சிங்கப்பூரில் 96 மணி நேரம் விசா இல்லாமல் தங்கும் சலுகை அவருக்கு உண்டு. பெட்டியைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். புது ஷூ போட்டுக்கொண்டு வந்திருந்த அம்மா அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கவுன்ட்டர் ஊழியர்மேல் எனக்குக் கோபம் இல்லை. உரிய விசா இல்லாதவரை ஏற்றிச் சென்றால், அவரைத் திரும்பக் கொண்டுவருவது அந்த விமான நிறுவனத்தின் தலையில்தான் விழும்.

மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் "விசா பயணியின் பொறுப்பு" என்றே பதில். சரி, பொறுப்பு என்னுடையதுதான். ஆனால் அந்த விசாவைத் தேவையாக்கியது யார்? ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால் பெட்டி நேராக டென்பசாருக்குப் போயிருக்கும். நாங்கள் சாங்கிக்குள்ளேயே உட்கார்ந்திருந்து அடுத்த விமானம் ஏறியிருப்போம். டிக்கெட்டை இரண்டாக வெட்டியது நீங்கள். 'செல்ஃப் டிரான்ஸ்ஃபர்', அதாவது பயணியே பெட்டியை எடுத்து அடுத்த விமானத்துக்கு மறுபடி செக்-இன் செய்ய வேண்டும் என்ற சொல் பணம் கட்டும் பக்கத்தில் இல்லை. பிறகு வந்த மின்னஞ்சலின் அடியில், சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. முன்பே தெரிந்திருந்தால் தலைக்கு 30 சிங்கப்பூர் டாலர் கட்டி சிங்கப்பூர் விசா எடுத்திருப்பேன், அல்லது வேறு விமானம் பார்த்திருப்பேன்.

இரண்டு விமான நிறுவனங்களுமே 'நோ-ஷோ', அதாவது பயணி வரவில்லை என்று கைவிரித்துவிட்டன. ஆகவே முழுத் தொகையையும் 15 நாட்களுக்குள் நீங்கள் திருப்பித் தர வேண்டும். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிவு செய்துவிட்டு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி எங்கள் மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போடுவேன். முன்பதிவுப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், இரண்டு டிக்கெட்டுகள், உங்கள் மூன்று பதில்கள் எல்லாம் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

அதே பதிலை நான்காவது முறையும் அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர், சென்னை